கண் முந்தி, கால் பிந்தி

என் மகன் போன வாரம் நடந்துவிட்டான். 15 மாதம் முடிந்து 9 நாள். அவன் அப்பா வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார், இவன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான், என்ன நினைத்தானோ கையை விட்டுவிட்டு நேராக என்னைப் பார்த்தபடி ஆறு எட்டு எடுத்து வைத்து வந்து ஏழாவது எட்டில் என் சேலையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டான். "ஆத்தாடி" என்று மாமியார் ஒரே ஒரு தடவை சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அழுததற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தைய ஆறேழு மாதம் நான் பட்ட பயம் கொஞ்சமில்லை. "கண்ணு மட்டும் நல்லா முழிக்கிறான், உடம்புல வலுவே இல்லையே" என்று வருகிறவர் போகிறவர் எல்லாரும் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போது கையில் பிள்ளையோடு இருக்கிற ஒருத்திக்கு என்ன ஆகும் என்று பெற்றவளுக்குத்தான் தெரியும். அதனால் நான் பார்த்தது, அதற்காகத் தேடிப் படித்தது எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

எனக்குத் தாய்வீடு தங்கச்சிமடம், புகுந்த வீடு பாம்பன். மாசி மாத நடுவில் பிறந்தான், 2.9 கிலோ. பிறந்து துடைத்து என் நெஞ்சில் போட்டபோது அழுதுவிட்டு அமைதியாகிக் கண்ணைத் திறந்து பார்த்தான். பிறந்த குழந்தைக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் மங்கல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தூரத்தில் இருப்பது மங்கல்தான், ஆனால் 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதை அவர்களால் பார்க்க முடிகிறது. பால் கொடுக்கும்போது தாயின் முகம் கிட்டத்தட்ட அந்தத் தூரத்தில்தான் இருக்கும். கறுப்பும் வெளுப்புமாகப் பளிச்சென்று தெரிவதை அதிகம் பார்ப்பார்கள், அதனால் என் முகத்தில் அவன் முதலில் பிடித்துக்கொண்டது நெற்றி ஓரத்தில் முடி தொடங்கும் இடத்தைத்தான்.

குரல் அதற்கும் முன்னாடியே தெரியும். 1980-இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரண்டு பேர் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் சூப்பானைக் கொடுத்து, ஒரு விதமாகச் சப்பினால் தாயின் குரல் கேட்கும், இன்னொரு விதமாகச் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல் கேட்கும் என்று வைத்துப் பார்த்திருக்கிறார்கள். குழந்தைகள் தாயின் குரல் வரும்படி தங்கள் சப்பலை மாற்றிக்கொண்டன. வயிற்றுக்குள் இருந்தபோதே கேட்டுப் பழகிய குரல் அல்லவா. எங்கள் வீட்டில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், அத்தனை இரைச்சலிலும் நான் அடுப்படியிலிருந்து ஒரு வார்த்தை சொன்னால் அவன் கை கால் ஆட்டுவது நின்றுபோகும். சொன்னால் யாரும் நம்பவில்லை, நான் நம்பினேன்.

அடுத்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். கைக்குழந்தையின் ஒரு நாளைக் கவனித்துப் பார்த்தவர்கள் அதை ஆறு நிலையாகப் பிரிக்கிறார்கள். ஆழ்ந்த தூக்கம், அசைந்துகொண்டே தூங்கும் தூக்கம், அரைத்தூக்கம், அமைதியான விழிப்பு, துறுதுறு விழிப்பு, அழுகை. இதில் நான்காவதாக வரும் அமைதியான விழிப்பைத்தான் நாம் தவற விடுகிறோம். உடம்பு ஆடாது, கண் மட்டும் பளபளவென்று திறந்திருக்கும், மூச்சு சீராக இருக்கும். முதல் வாரங்களில் இது சில நிமிடங்கள்தான் நீடிக்கும், ஒரு நாளில் 16, 17 மணி நேரம் தூக்கத்திலேயே போய்விடும். முகம் பார்ப்பது, குரல் கேட்பது, நாக்கை நீட்டினால் உற்றுப் பார்ப்பது எல்லாம் இந்தச் சில நிமிடங்களுக்குள்தான் நடக்கிறது.

என் வீட்டில் என்ன நடந்தது என்றால், அவன் கண் திறந்தால் "பசிக்குது போல" என்று என்னைக் கூப்பிடுவார்கள், பால் குடிக்காவிட்டால் "தூக்கம் போல" என்று தொட்டிலில் போட்டு ஆட்டுவார்கள். பார்க்க வந்தவர்கள் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றுவார்கள். யாருடைய அன்பையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஒரு முகத்தைப் பார்த்து முடிக்க நேரமே கிடைக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்வான், கொட்டாவி விடுவான், விக்கல் வரும், விரல்களை விரித்துக்கொள்வான். போதும் என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கு இதெல்லாம்தான் வாய். அது எனக்குப் புரிவதற்கே ஒரு மாதம் ஆனது. அதற்கப்புறம் அவன் கண் திறந்து அமைதியாக இருந்தால் யாரையும் கிட்டே விடாமல் நான் மட்டும் அவன் முன்னால் உட்கார்ந்துகொள்வேன். அம்மாவுக்கு முதலில் வருத்தம்தான். பிறகு அவரே வாசலில் நின்று "இப்ப வராதீக, பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கான்" என்று ஆட்களை நிறுத்த ஆரம்பித்துவிட்டார்.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. கிழக்குக் கடற்கரையில் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, மற்றவர்களுக்கு அது வருமானம் இல்லாத இரண்டு மாதம், எங்களுக்கும் அப்படித்தான், ஆனால் என் மகனுக்கு அப்பா கிடைத்தார். அவனுக்கு அப்போது ஏழு வாரம். தினமும் பாம்பனிலிருந்து பஸ் ஏறித் தங்கச்சிமடம் வந்துவிடுவார்.

அதற்கு முன்னாலும் அவன் சிரிப்பான், தூக்கத்தில். "நரி விரட்டுது" என்பார் அம்மா. நரி காட்டினால் சிரிப்பு, விரட்டினால் சிணுங்கல். பிறந்த குழந்தையின் தூக்கத்தில் பாதிக்குப் பாதி இப்படி முகம் அசைகிற, மூடிய இமைக்குள் கண் ஓடுகிற தூக்கம்தான், அந்தச் சிரிப்பு யாரையும் பார்த்து வருவது இல்லை. முகம் பார்த்துச் சிரிப்பது ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் வரும். எங்கள் வீட்டில் அது முதலில் வந்தது அவன் அப்பாவுக்குத்தான். வெயிலில் வந்து முகம் கழுவிவிட்டுக் குனிந்தவரை முதலில் நெற்றி, பிறகு கண், பிறகு வாய் என்று நிதானமாகப் பார்த்துவிட்டு, ரொம்ப யோசித்து ஒரு முடிவுக்கு வந்தவன் மாதிரி சிரித்தான். அந்த மனிதர் அன்றைக்குச் சாப்பிடக்கூட எழுந்து போகவில்லை.

என் பெரியம்மா பனை ஓலையில் கிலுகிலுப்பை பின்னித் தந்திருந்தார், உள்ளே சின்னச் சின்னக் கல் போட்டது. அதை ஒரு பக்கம் ஆட்டினால் கண் அந்தப் பக்கம் போகும், கொஞ்சம் தாமதமாகத் தலையும் போகும். நாலைந்து தடவை ஆட்டினால் அப்புறம் பார்க்க மாட்டான். "மறந்துட்டான், காது கேக்கலையோ" என்று பயந்தார்கள். விஷயம் நேர் எதிர். இது அதே சத்தம்தான் என்று தெரிந்துகொண்டதால் விட்டுவிட்டான், ஸ்பூனால் தட்டைத் தட்டினால் உடனே திரும்புவான். பழகியதை ஒதுக்கிவிட்டுப் புதிதைக் கவனிப்பது மூளை வேலை செய்கிறது என்பதற்கு நல்ல அடையாளம். பிரேசல்டன் என்ற குழந்தை மருத்துவர் 1973-இல் கொண்டுவந்த பரிசோதனையிலேயே இது இருக்கிறது, தூங்கும் பிள்ளையின் பக்கத்தில் கிலுகிலுப்பையைத் திரும்பத் திரும்ப ஆட்டி எத்தனையாவது தடவையில் அது சலனம் இல்லாமல் இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

சரி, கண் விஷயத்தில் இவன் இவ்வளவு சூட்டிகை. உடம்புக்கு வருகிறேன்.

பிறந்த புதிதில் அம்மா அவனை அக்குளில் பிடித்துத் தூக்கிப் பாதம் பாயில் படும்படி நிறுத்துவார், இவன் மாறி மாறிக் காலைத் தூக்கி வைப்பான். "பாரு, இப்பவே நடக்கிறான்" என்று தெருவுக்கே காட்டினார். இரண்டு மாதம் ஆனதும் அது நின்றுபோனது. நிறுத்தினால் கால் தொங்கும். வந்தது அம்மாவுக்குப் பயம். கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள்.

மூன்றாம் மாதம் பாம்பனுக்கு வந்துவிட்டோம். வைகாசிக் கடைசியில் தென்கடல் இரைய ஆரம்பித்திருந்தது, அந்த நாளில் வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஒரு சாயங்காலம், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிற நேரம், அவர் முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டு இவனை அக்குளில் பிடித்து மெல்ல இறக்கினார், நெஞ்சுக்குக் கீழே வரைதான். கால் தரையில் பட்டதும் நடந்தான்! ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். வெளியே தூக்கினால் தொங்கின கால், தண்ணீருக்குள் இறக்கினால் மறுபடி எட்டு வைத்தது.

அப்புறம் தேடியபோதுதான் எஸ்தர் தெலன் என்ற பெண்மணி 1984-இல் இதையே செய்து பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது. முதல் இரண்டு மாதத்தில் குழந்தையின் தொடையில் சதை வேகமாகப் போடும், அதைத் தூக்குகிற வலு அந்த வேகத்துக்கு வராது, அதனால் எட்டு வைப்பது நின்றுபோனது போலத் தெரியும். தண்ணீர் பாரத்தைத் தாங்கிக்கொண்டால் கால் தன் வேலையைச் செய்கிறது. எட்டு வைத்துக்கொண்டிருந்த ஒரு மாதக் குழந்தைகளின் காலில் சின்ன எடையைக் கட்டிப் பார்த்தபோது எட்டு குறைந்ததாம். படகு கரையில் கிடந்தால் இருபது பேர் தள்ளினாலும் நகராது, தண்ணீரில் ஒரு ஆள் இழுத்தால் வரும் என்று தெரிந்த எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. மாமனார் கேட்டுவிட்டு "அதானே" என்றார், அவ்வளவுதான். ஒன்று சொல்லிவிடுகிறேன், ஒரு நிமிடமும் பிடி விடாமல், தலை நன்றாக மேலே இருக்க, அலையே இல்லாத இடத்தில் செய்தது அது. விளையாட்டாக யாரும் தனியாகச் செய்ய வேண்டாம்.

நான் செய்த தப்பு தொட்டில். சேலைத் தொட்டில் நல்லதுதான், வெயில் காலத்தில் அதுபோலக் காற்றோட்டம் வேறு எதிலும் இல்லை, ஆனால் முதல் மூன்று நான்கு மாதம் அவன் விழித்திருந்த நேரத்திலும் பாதி அதற்குள்ளேயே போய்விட்டது. தொட்டிலுக்குள் உடம்பு வளைந்து கிடக்கும், தலையைத் தூக்க வேண்டிய தேவையே இருக்காது. குழந்தையின் வலு மேலேயிருந்து கீழே இறங்கி வருகிறது, முதலில் கழுத்து, பிறகு முதுகு, இடுப்பு, கடைசியில் கால். முதல் படியே கழுத்து. தூங்கும்போது மல்லாக்கத்தான் போட வேண்டும், விழித்திருக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு குப்புறப் போட வேண்டும். இன்னும் நகரத் தெரியாத குழந்தைக்கு ஒரு நாளில் மொத்தம் 30 நிமிடமாவது இப்படி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. ஒரே மூச்சில் இல்லை, இரண்டு நிமிடம் மூன்று நிமிடமாகச் சேர்த்தால் போதும். இவன் முதலில் கத்துவான். நான் அவனுக்கு நேராகக் குப்புறப் படுத்து முகத்தைக் காட்டினேன், முகம் பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் அவன் தலையைத் தூக்கக் கற்றுக்கொண்டான்.

பள்ளியில் தமிழம்மா பிள்ளைத்தமிழின் பத்துப் பருவத்தை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அப்போது எனக்கு அது வெறும் பட்டியல். ஐந்தாம் மாதம் செங்கீரை: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடுவது. என் மகன் அதே மாதிரி பாயில் கிடந்தபோதுதான் எனக்குப் பளிச்சென்று பட்டது, இதை எழுதி வைத்தவர்கள் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள். ஒன்பதாம் மாதம் சப்பாணி, கை கொட்டுவது. கை கொட்ட வேண்டுமானால் ஊன்றிய இரண்டு கையும் விடுபட வேண்டும், அதாவது இடுப்பு தானாக நின்று உட்கார வேண்டும். அம்புலிப் பருவத்தில் நிலாவைக் காட்டுகிறோம், பிள்ளை நம் விரலைப் பார்க்காமல் விரல் காட்டுகிற திசையைப் பார்க்கப் பழகியிருந்தால்தான் அது நடக்கும். கண்ணும் உடம்பும் ஒன்றுக்கொன்று கைகொடுத்து வருவதை அவர்கள் எவ்வளவு அழகாகப் பிடித்திருக்கிறார்கள்!

ஆனால் என் மகன் எட்டு மாதம் முடியும்போதுதான் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்தான். தவழவே இல்லை. நாத்தனார் மகள் 7 மாதத்தில் தவழ்ந்து 10 மாதத்தில் நடந்தவள், இரண்டும் ஒரே வீட்டில் வளர்கிற பிள்ளைகள், ஒப்பிடாமல் இருப்பார்களா. "ரெண்டு கையும் நல்லா ஓடுது, கண்ணு நல்லா ஓடுது, காலு மட்டும் ஏன் தாயி இப்படி?" என்று மாமியார் மெதுவாகத்தான் கேட்டார், அது இன்னும் வலித்தது. ஒரு மருத்துவரிடம் கொண்டு போனோம். பிள்ளையைத் தரையில் விடக்கூட இல்லை, மடியில் வைத்தபடியே பார்த்துவிட்டு இரண்டு நிமிடத்தில் "வளர்ச்சி மந்தம்" என்று டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பாம்பன் பாலம் வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

9 மாதத் தட்டம்மை ரூபெல்லா ஊசிக்குப் போனபோது கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னேன். அவர் பாயை விரித்து, பிள்ளையை உட்கார வைத்து, வளையலைக் கழற்றி உருட்டிவிட்டுப் பத்து நிமிடம் சும்மா பார்த்தார். வளையலை எடுத்தான், ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான், பாய்க்கு அடியில் ஒளித்தால் தூக்கிப் பார்த்துத் தேடினான். காலை மடக்கி நீட்டிப் பார்த்தார், விறைப்பும் இல்லை, துவளவும் இல்லை. "இவன் பாத்துட்டுத்தான்மா கிளம்புவான், அடுத்த மாசம் கூட்டிட்டு வா" என்றார்.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து 2006-இல் வெளியிட்ட கணக்கை அப்புறம்தான் படித்தேன், முன்னாடியே யாராவது காட்டியிருக்கலாம். பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். தனியாக நடப்பது 8.2-லிருந்து 17.6 மாதத்துக்குள். கிட்டத்தட்ட ஒன்பது மாத இடைவெளி, அதற்குள் நாத்தனார் மகளும் இருக்கிறாள், என் மகனும் இருக்கிறான். கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே போன குழந்தைகள் 4.3 சதவீதம். என் மகன் 10 மாதத்தில் உட்கார்ந்த வாக்கிலேயே ஒரு கையை ஊன்றிச் சறுக்கிச் சறுக்கி நகர ஆரம்பித்தான். அப்படி நகர்கிற பிள்ளைகள் பொதுவாக நடப்பதற்குக் கொஞ்சம் கூடுதல் காலம் எடுப்பார்களாம்.

அதற்காக எல்லாம் தானாக வரும் என்று விட்டுவிடவும் கூடாது. கென்யாவில் கிப்சிகிஸ் மக்கள் குழந்தைக்கு உட்காரவும் நடக்கவும் சொல்லிக்கொடுத்துப் பழக்குகிறார்கள், அவர்கள் பிள்ளைகள் அவை இரண்டையும் மேலை நாட்டுப் பிள்ளைகளைவிட ஒரு மாதம் போல முன்னாடியே செய்கிறார்கள், சொல்லிக்கொடுக்காத தவழலில் அந்த வித்தியாசம் இல்லை என்று சார்லஸ் சூப்பர் என்ற ஆராய்ச்சியாளர் 1976-இல் எழுதினார். அவர்கள் மண்ணில் குழி பறித்துப் பிள்ளையை உட்கார வைப்பார்கள் என்று படித்ததும் எனக்கு அம்மாச்சி ஞாபகம் வந்தது. கடல்பாசி எடுக்கப் போகும்போது கரை மணலைக் குழித்து என் அம்மாவை இடுப்பு வரை உட்கார வைத்துப் பக்கத்தில் பெரிய அக்காளைக் காவல் வைத்துவிட்டுப் போவாராம். நானும் மணலில் உட்கார வைத்தேன். வாய்க்குள் மண் போகும், பரவாயில்லை, பார்த்துத் துடைத்துவிட்டால் சரி.

தம்பி வாங்கி வந்த சக்கர வாக்கரை மட்டும் அட்டத்தில் ஏற்றிவிட்டேன். கனடாவில் அதை விற்கவே கூடாது என்று 2004-இல் தடை போட்டார்கள், விழுந்து தலையில் அடிபட்ட பிள்ளைகள் அத்தனை பேர். அதில் பிள்ளை உட்கார்ந்துகொண்டு நுனிக்காலால் உந்துகிறது, தன் பாரத்தைத் தான் தாங்குவதில்லை. மர நடைவண்டி வேறு, அதற்குப் பிள்ளை முதலில் எழுந்து நிற்க வேண்டும். மாமனார் செய்து கொடுத்தார்.

எப்போது காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லியே ஆக வேண்டும். மூன்று மாதம் ஆகியும் முகம் பார்த்துச் சிரிக்காமல், அசைகிற பொருளின் பின்னால் கண் போகாமல் இருந்தால். பெரிய சத்தத்துக்குத் தூக்கிப் போடாவிட்டால். நாலு மாதம் தாண்டியும் கழுத்து நிற்காவிட்டால். கை எப்போதும் இறுக மூடியே இருந்தால், உடம்பு விறைப்பாகவோ துணி மாதிரித் துவண்டோ இருந்தால். ஒரு வயதுக்குள்ளேயே ஒரு பக்கக் கையை மட்டும் பயன்படுத்தினால், அதைக் கெட்டிக்காரத்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 9 மாதம் தாண்டி உட்காராவிட்டால், 18 மாதம் வரை நடக்காவிட்டால். எல்லாவற்றுக்கும் மேலாக, செய்துகொண்டிருந்ததைப் பிள்ளை செய்யாமல் விட்டுவிட்டால் அன்றைக்கே போங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து மாதத்தைக் கணக்கிட வேண்டும். அங்கன்வாடியிலும் செவிலியரிடமும் கேட்டால், மாவட்ட அளவில் அரசு நடத்துகிற ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள், காசு கிடையாது. ஒரு மருத்துவர் பிள்ளையைக் கீழே விட்டுப் பார்க்காமல் சொன்னால் இன்னொருவரிடம் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை.

இந்த வருடத் தடைக்காலம் முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. நேற்று சாயங்காலம் மூன்று பேருமாக வடகடலுக்குப் போனோம். அவர் கொஞ்சம் தள்ளி நின்று கையை நீட்டிக் கூப்பிட்டார். இவன் நாலு எட்டு போனான், ஈர மணல் காலில் பட்டதும் நின்றுவிட்டான், அப்படியே குத்தவைத்து ஒரு சின்ன நண்டு வளைக்குள் போகிறதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் குத்தவைத்துக்கொண்டார்.